மாணாக்கரும் எழுத்துப் பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கல்வியைப் பற்றிப் பேசும்படி உங்கள் செயலாளர் கேட்டுக்கொண்டார். கல்வி பெருங்கடல். அதில் நான் நெடுங்காலம் நின்ற ஒரு கரையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். மாணாக்கரை எழுதப் பழக்குவது எப்படி என்பதே என் பொருள்.

நான் ஆசிரியத் தொழிலிற் சேர்ந்த புதிதில் நடந்ததொன்றை முதலிற் சொல்லுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எனது ஊர்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். ஒரு மாணவன் எழுத்துப் பிழை ஒன்றுமின்றி எழுதியிருந்தான். தன் ஊரின் நடுவே வற்றாத நதியொன்று சலசலத்து ஓடுவதாகவும், அதன் இரு மருங்கிலும் சோலைகள் நிறைந்திருப்பதாகவும் அந்தக் கட்டுரை கூறிற்று. அவனுடைய ஊரோ வலிகாமத்திலே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஏது? மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றை விட்டால், நாம் குடித்ததும் பயிர் செய்ததும் கிணற்று நீராலன்றோ?

அவனை அழைத்து, “தம்பி, இந்த நதி எங்கே ஓடுகிறது?” என்று கேட்டேன். சிறிது தயங்கி, “புத்தகத்தில ஓடுது, சேர்” என்றான். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டுரைப் புத்தகத்தை வாங்கி மனனஞ் செய்யும்படி சொன்னவன் நானே. பிள்ளை என் சொல்லைத் தட்டவில்லை. பிழை என்னுடையது.

மறுநாள், “உன் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதிக்கொண்டு வா” என்றேன். ஏழு வரி எழுதி வந்தான். பிழைகள் மலிந்திருந்தன. ஆனால் நீரிறைக்கும் இயந்திரம் பழுதான நாளில் அவனுடைய அப்பு மறுபடியும் துலாவில் ஏறி மிதித்ததும், தான் வாய்க்காலில் நின்று புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டியதும் அதில் இருந்தன. அன்றுதான் அவன் முதன்முதலாக எழுதினான் என்று நான் எண்ணுகிறேன்.

மனனஞ் செய்தால் புள்ளி கிடைக்கிறதே, அதில் என்ன கேடு என்று பெற்றோர் கேட்கலாம். கேட்டை நான் கண்ணாரக் கண்டேன். 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து, மறு ஆண்டில் திரும்பத் தொடங்கியபின், ஒரு தாயார் தம் மகனோடு என்னிடம் வந்தார். வீட்டுச் சேதத்துக்கு உதவி கேட்டு மகன் எழுதிய விண்ணப்பத்தை நான் பார்க்கவேண்டும் என்றார். மகன் தமிழிலே திறமைச் சித்தி பெற்றவன். விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். அதிகாரியின் கருணையைப் புகழ்ந்தும் விதியை நொந்தும் எழுதியிருந்தான். வீடு எங்கே உள்ளது, எப்போது விட்டுப் போனார்கள், திரும்பியபோது எவை இருந்தன, எவை இல்லை என்ற செய்தி ஒன்றேனும் அதில் இல்லை.

நான் தாயாரைக் கேட்டேன். அவர் நாலு வசனத்திற் சொல்லி முடித்தார். வெளிக்கிட்ட நாள், திரும்பி வந்த நாள், கூரையில்லாத இரண்டு அறைகள், இடிந்து விழுந்த கிணற்றுக்கட்டு. “அம்மா சொன்னதை அப்படியே எழுது” என்று மகனுக்குச் சொன்னேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத தாய்க்குத் தெரிந்திருந்தது. பத்து ஆண்டு தமிழ் படித்த பிள்ளைக்குத் தெரியவில்லை. பிறர் கண்டதையே எழுதிப் பழகியவனால், தன் வீட்டுத் துன்பத்தையும் தானே எடுத்துச் சொல்ல முடியாமற் போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

நல்லைநகர் நாவலர் அவர்களை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களைத் தாமே எழுதினார். 1852ஆம் ஆண்டு பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். செய்யுளைப் பொருளுணர்ந்து படிக்க வல்லார் சிலர். வசனத்தைப் படிக்க வல்லார் பலர். எழுதும்போது படிப்பவனை மனத்தில் வைத்தார். அதுவே நாம் மாணாக்கருக்குக் கற்பிக்கவேண்டிய முதற்பாடம்.

இனி, செய்யத்தக்கன எவை?

முதலாவது, எழுதுமுன் சொல்லுவித்தல். பிள்ளை வீட்டிலே பேசும் தமிழ் வேறு, ஏட்டிலே எழுதும் தமிழ் வேறு. “தண்ணி இறைக்கேக்க துலா முறிஞ்சு போச்சு” என்று அவன் தடையின்றிச் சொல்லட்டும். பின்பு, “தண்ணீர் இறைக்கும்போது துலா முறிந்துவிட்டது” என்று எழுதக் காட்டுவோம். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவன் பேச்சை இழிவென்று தடுத்தால், பேச்சும் நிற்கும், எழுத்தும் நிற்கும்.

இரண்டாவது, அளவோடு திருத்துதல். பக்கம் முழுவதும் சிவப்பு மையைக் கண்ட பிள்ளை அடுத்த முறை குறைவாக எழுதுவான். குறைய எழுதினாற் பிழையுங் குறையும் என்பது அவன் கணக்கு. நம் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. ஆதலால் ‘மழை’யை ‘மளை’ என்று எழுதுவது சோம்பலன்று. அவன் காது கேட்டபடி கை எழுதுகிறது. ஒரு வாரம் ல, ள, ழ என்பவற்றை மட்டும் பார்ப்போம். மறு வாரம் ர, ற என்பவற்றைப் பார்ப்போம். பிழையைச் சுட்டுமுன் நல்ல வரி ஒன்றைக் காட்டிப் பாராட்டுவோம்.

மூன்றாவது, திருப்பி எழுதுவித்தல். நம்மவர் பெரிதும் கைவிட்டது இதனையே. புள்ளியிட்டுக் கொடுத்த கொப்பியைப் பிள்ளை மூடி வைத்துவிடுகிறான். புதிய கட்டுரை நான்கிலும், ஒன்றை இரண்டு முறை எழுதுவது பயன் தரும். இரண்டாம் முறை எழுதுமுன், தான் எழுதியதை உரக்க வாசிக்கட்டும். மூச்சு முட்டும் இடத்தில் வசனம் நீண்டுவிட்டது என்பதை அவனே அறிவான்.

இன்று, தலைப்பைச் சொன்னாற் கட்டுரை முழுவதையும் எழுதித் தரும் கருவியும் கைத்தொலைபேசியில் வந்துவிட்டது. அதனை வைது பயனில்லை. அந்த வற்றாத நதியை அது இன்னும் அழகாக ஓடச் செய்யும். ஆனால் அப்பு துலாவில் ஏறிய நாளை, பிள்ளை சொன்னாலன்றி அது அறியாது.

நிறைவாக, இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சிக்கென ஒதுக்குங்கள். இளைஞர்களே, நீங்கள் ஆசிரியர்களாயிருங்கள். பெரியோர்களே, நீங்கள் பாடப் புத்தகங்களாயிருங்கள். பிள்ளைகள் உங்களிடம் பழைய தேர்த் திருவிழாவையும் தோட்டத்தையும் இடம்பெயர்ந்த வழியையும் கேட்டு எழுதட்டும். எழுதியவற்றைத் தொகுத்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையாக வாசிகசாலை மேசையில் வையுங்கள். தன் எழுத்தை ஒருவர் வாசிக்கிறார் என்று கண்ட பிள்ளையை, பிறகு நாம் எழுதென்று வற்புறுத்த வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு மலரில் இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் தம் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதியதை நான் வாசிக்க வேண்டும்.