பழைய வண்டியும் புதிய நடையும்

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலண்டன் மாநகரிலுள்ள ஏள்ஸ் கோட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியிலே, மொறிஸ் மைனர் என்னும் சிறிய கார் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். வேலை முற்றுப்பெறும் தறுவாயிலே, வண்டியின் அகலம் அதன் நீளத்துக்கு இசையவில்லை என்று அவருக்குத் தோன்றியது. உடனே மாதிரி வண்டியொன்றை நெடுக்காக இரு கூறாக அறுப்பித்தார். இரு கூறுகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குல இடைவெளியே பொருத்தமானது என முடிவு செய்தார். அவ்வண்டியின் முன்மூடியின் நடுவே நீளவாக்கிற் காணப்படும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளமாகும்.

செய்து முடித்த வண்டியைத் திருத்துதல் தவறன்று என்பதற்கு அதனை ஆக்கியவரே இவ்வாறு சான்றாகிறார். எனினும், ஓரிடத்தைத் தொட்டால் வேறெவ்விடம் அசையும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு பழைய வண்டிகளைத் திருத்த முற்படும் இன்றைய அன்பர்களுக்கும் வேண்டப்படுவது.

மொறிஸ் மைனர் 1971ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பெற்றது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. இலங்கையில் அது குடும்ப வண்டியாகவும் வாடகைக் காராகவும் நெடுங்காலம் உழைத்தது. புதிய வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலே, உள்ளதைப் பேணி ஓட்டுவதே வழியாயிற்று. அதனால் எத்தனையோ சிறிய கராச்சுகளில், அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டவல்ல கைத்திறன் வளர்ந்தது. இன்றும் அதனைச் செல்லப் பொருளாகப் போற்றி ஓட்டுவோர் பலர்.

ஆனால் வீதியும் வேகமும் மாறிவிட்டன. முதல் மைனர் வண்டியின் இயந்திரம் 918 கன சதம மீற்றர் கொள்ளளவுடையது; அதன் வலு 28 குதிரை வலுவுக்கும் குறைவு. 1962இல் வந்த 1098 கன சதம மீற்றர் இயந்திரம் 48 குதிரை வலு தந்தது. பிற்காலத்தில் அதனினும் வலுமிக்க வேற்று இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டோரும் உளர். இயந்திரம் விரைந்தோட, அதைத் தாங்கும் முன்புறமோ பழைய நிலையிலேயே இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த வேளையிலே கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கும்போது வண்டி ஒருபுறம் சாய்கிறது. சுக்கான் சொற்கேளாததுபோல இழுபடுகிறது. வீடு திரும்பியதும், முன்புறத்தைத் திருத்தியே தீரவேண்டும் என்ற எண்ணம் உரியவருக்கு உதிக்கிறது.

அவர் எதைத் திருத்துவது என்று அறிய, முதலில் முன்புறத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். சில்லையும் வண்டியின் உடலையும் இணைத்து, வீதியின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் சில்லு ஏறி இறங்க இடமளிக்கும் உறுப்புகளின் கூட்டமே தொங்கல் அமைப்பு எனப்படும். மைனர் வண்டியின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு கை, மேலே ஒரு கை. கீழ்க் கையின் உட்புற நுனியில் ஒரு நீண்ட உருக்குக் கோல் பூட்டப்பட்டுப் பின்னோக்கி ஓடி, ஆசனத்தின் கீழுள்ள குறுக்குச் சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கிறது. சில்லு மேலெழும்போது இக்கோல் முறுகுகிறது; முறுகிய கோல் மீண்டும் நிமிர முயல்வதே வில்லின் வேலையைச் செய்கிறது. இதனையே மெக்கானிக்குகள் டோர்சன் பார் என்பர். நாம் முறுக்குக் கோல் என வழங்கலாம்.

மேற்கையோ இரட்டைத் தொழில் புரிவது. அதிர்வடக்கியாகிய சொக் அப்சோபரின் எண்ணெய்ப் பெட்டியிலிருந்து நீண்டுவரும் நெம்புகோலே இங்கு மேற்கையாகவும் அமைந்திருக்கிறது. இவ்விரு கைகளுக்கும் இடையே நிற்கும் செங்குத்தான தண்டில் சில்லு சுழல்கிறது. அத்தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகுப் புரிகள் வெட்டப்பட்டு, அவை றனியன் எனப்படும் மூட்டுகளுக்குள் திருகப்பட்டுள்ளன. சுக்கானைத் திருப்புந்தோறும் தண்டு அப்புரிகளிலே திரும்புகிறது.

இந்தக் கீழ் மூட்டிலேதான் உயிருக்கு ஆபத்து மறைந்திருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இம்மூட்டுகளுக்குக் கிறீஸ் ஏற்றுதல் வேண்டும். ஏற்றாது விட்டால் புரிகள் உலர்ந்து தேய்கின்றன. தேய்ந்த புரி ஒருநாள் பிடிப்பை முற்றாக இழக்க, தண்டு மூட்டைவிட்டுக் கழன்று, சில்லு வண்டியின் அடியில் மடிந்துவிடும். அது வீட்டு முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போதும் நிகழலாம். எதிரே பஸ் வரும் வளைவிலும் நிகழலாம். எத்துணைச் சிறந்த புதிய உறுப்புகளைப் பூட்டியிருந்தாலும், அந்த வேளையில் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

ஆதலால் திருத்த வேலையின் முதற்படி சோதனையே. வண்டியின் முன்புறத்தை ஜக் கொண்டு உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி மாறி மாறி அசைத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். மிதித்தவுடன் ஆட்டம் நின்றுவிடுமாயின் குறை சில்லின் பெயாரிங்கில் இருக்கிறது. மிதித்த பின்னும் ஆட்டம் நிற்காவிடின் குறை மூட்டிலோ கைகளின் பூட்டிலோ உண்டு. தேய்ந்த மூட்டை மாற்றும்போது ஒன்றை மறத்தலாகாது: ஒரு பக்கத்துப் புரி வலப்புரி, மறுபக்கத்துப் புரி இடப்புரி. ஒரு பக்கத்துக்குரியது மற்றப் பக்கத்துக்கு உதவாது. கிறீஸ் ஏற்றும்போதும் சில்லு நிலத்தில் ஊன்றாது தூக்கப்பட்டிருந்தால்தான், சுமை தாங்கும் புரிகளுக்கிடையே கிறீஸ் நன்கு புகும்.

அடுத்து றப்பர் புஷ்களைப் பார்த்தல் வேண்டும். கீழ்க் கையின் உள்நுனியிலும், அக்கையை முன்னிருந்து பிடித்து நிற்கும் தாங்கு கோலின் நுனியிலும் இவை உள்ளன. எண்ணெய் ஊறி மெத்தென்றாகிய புஷ், பிறேக் பிடிக்குந்தோறும் சில்லைப் பின்னோக்கி நகரவிடும். வண்டி பக்கம் இழுக்கிறது என்ற முறையீட்டுக்குப் பலவேளைகளில் இதுவே காரணம். தேய்ந்தவற்றை மாற்றி, சில்லுகள் இரண்டும் முன்பக்கத்தில் ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு நெருங்கியிருக்குமாறு அளந்து நிறுத்தினால், பழைய வண்டி பாதி குணமாகிவிடும். இதற்குப் பின்பே மாற்றம் என்ற பேச்சுக்கு இடமுண்டு.

மாற்றங்களுள் முதலிடம் பெறத்தக்கது ரயர். வண்டி வெளிவந்த காலத்தில் நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாக அமைந்த ரயர்களே அதற்குப் பூட்டப்பட்டன. இழைகள் ஆரைபோல் அமைந்த றேடியல் ரயர் வளைவிலே நிலத்தை நன்கு பற்றும். ஆனால் நான்கு சில்லுகளுக்கும் ஒரே வகை ரயர் வேண்டும். சிக்கனம் கருதி முன்னிரண்டுக்கு மட்டும் றேடியல் பூட்டி, பின்னிரண்டைப் பழையபடி விடுவது பேராபத்து. முன்புறம் பற்றிக்கொள்ள, பின்புறம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும்.

இரண்டாவது அதிர்வடக்கி. வண்டியின் முன் மூலையைக் கையால் அழுத்தி விட்டால், அது ஒருமுறை மேலெழுந்து அடங்குதல் வேண்டும். மீண்டும் மீண்டும் ஊஞ்சலாடினால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே தேய்ந்திருக்கிறது. நெம்புகோல் வகையில் சிறிய அளவு எண்ணெயே உயர்ந்த அழுக்கத்தில் வேலை செய்வதால், நீண்ட மலைப்பாதையில் அது சூடேறித் தளர்வது இயல்பு. குழாய் வடிவான அதிர்வடக்கியில் எண்ணெய் மிகுதி, அழுக்கம் குறைவு. ஆகவே அதனைச் சேர்த்துப் பூட்டும் வழக்கம் ஏற்பட்டது. ஆயினும் பழைய நெம்புகோல் மேற்கையும் ஆதலால், அதற்கு ஈடான வேறொரு கையின்றி அதனைக் கழற்றி எறிதல் இயலாது. புதிய குழாயைத் தாங்கும் இடமும், இச்சுமைக்கென அமைக்கப்படாத மெல்லிய தகடாக இருத்தல் கூடாது. தகடு துருப்பிடித்திருந்தால், ஓரிரு மாதங்களிலே அது வெடித்துக் கிழியும்.

மூன்றாவது முறுக்குக் கோலைத் தடித்ததாக மாற்றுதல். இங்கே கணக்கு அறியாதவர் ஏமாறுவர். ஒரு கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், விறைப்பு நூற்றுக்கு 46 வீதம் கூடும். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் வேறுபாடு முதுகெலும்புக்குப் பெரிதாகத் தெரியும்.

இவ்விடத்தில் மோறிஸ் ஒலி என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் பணி நினைவுகூரத்தக்கது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கடிலாக் பிரிவில், இடம்மாற்றக்கூடிய பாரங்களை ஏற்றிய சோதனை வண்டியில் ஆட்களை அமர்த்தி, எந்த அமைப்பில் பயணம் இனிதாகிறது என்று அவர் ஆராய்ந்தார். முன்வில் பின்வில்லிலும் மெதுவாக அசைந்தால் வண்டி சமநிலையாகச் செல்கிறது என்பது தெரிந்தது. மேட்டை முன்சில்லு முதலிற் சந்திக்கிறது. பின்சில்லு சற்றுப் பிந்திச் சந்திக்கிறது. பின்புறம் விரைவாக அசைந்தால், அது முன்புறத்தின் அசைவை எட்டிப்பிடித்துவிடும். பின்பு வண்டி முழுவதும் ஒருங்கே எழுந்து ஒருங்கே தாழும். முன்கோலை மட்டும் அளவுக்கு மிஞ்சி விறைப்பாக்குவோர் இந்த ஒழுங்கைக் குலைக்கின்றனர். வண்டி தலையை ஆட்டும் குதிரைபோல முன்னும் பின்னும் துள்ளத் தொடங்குகிறது.

நாலாவது சாய்வு தடுக்கும் கோல். இரு முன்சில்லுகளையும் குறுக்கே இணைக்கும் இக்கோல், இரண்டும் ஒருங்கே எழும்போது வாளா இருக்கும். ஒன்று எழ மற்றது தாழும்போதுதான் முறுகித் தடுக்கும். அதனாற் சாய்வு குறைகிறது. ஆனால் இதற்கும் விலையுண்டு. வளைவில் வெளிப்பக்கத்துச் சில்லின்மேற் சுமை ஏறுகிறது. ரயரின்மேற் சுமை இரட்டித்தால் அதன் பற்று இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. முன்புறத்துக் கோல் தடிக்கத் தடிக்க, வெளிச்சில்லின் சுமை மிகுந்து, முன்புறத்தின் மொத்தப் பற்றுக் குறைகிறது. சாயாத வண்டி என்று மகிழ்ந்து விரைந்தால், ஈர வளைவிலே சுக்கானைத் திருப்பியும் வண்டி நேரே போகும். மெல்லிய கோல் நன்மை. மிகத் தடித்தது தீமை.

ஐந்தாவது வண்டியைத் தாழ்த்துதல். முறுக்குக் கோலின் பின்முனையைச் சிறிது திருப்பிப் பூட்டினால் முன்புறம் இறங்கும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்து சாய்வும் குறையும். ஆயின் சில்லு மேலெழுவதற்குள்ள இடமும் அத்துடன் குறைகிறது. கைகளின் கோணமும் சுக்கான் தண்டுகளின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் இறங்கும்போது சுக்கான் தானே திரும்ப முற்படலாம். மழைக்காலக் குழிகள் நிறைந்த வீதிகளுக்கு இம்மாற்றம் உகந்ததன்று. மேலும், முறுகியுள்ள கோலில் அடங்கிக் கிடக்கும் ஆற்றல் பெரிது. கீழ்க் கையை ஜக்கினால் தாங்காமற் பூட்டைத் தளர்த்துவோரின் கையையே அது முறிக்கவல்லது.

இம்மாற்றங்களுள் எதைச் செய்யினும், ஒருவேளைக்கு ஒன்றையே செய்தல் நன்று. ஒன்றைப் பூட்டி, பழக்கமான ஒரே வீதியில் ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறித்துக்கொண்ட பின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். நான்கையும் ஒருங்கே பூட்டியவருக்கு, குணம் எதனால் வந்தது, குறை எதனால் வந்தது என்பது ஒருபோதும் விளங்காது. பெரிய மாற்றமாயின், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும், காப்புறுதியின் நிபந்தனைகளையும் முன்கூட்டியே வினவிக்கொள்ளுதல் அறிவுடைமை.

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது முதியோர் வாக்கு. பழைய வண்டிக்குச் சுவராவன அதன் மூட்டுகளும் புஷ்களும், துருவேறாத தகடும். அவை உறுதியாயின், நல்ல ரயரும் அளவான அதிர்வடக்கியும் மெல்லிய ஒரு கோலுமே வண்டிக்குப் புதிய நடையைத் தந்துவிடும். அவை உறுதியற்றனவாயின், விலையுயர்ந்த உறுப்புகள் எல்லாம் இடிந்த சுவரில் தீட்டிய வண்ணமே. வண்டியை வேகமாக்க விரும்புவோர், வீட்டிலிருந்து ஏறுவோரை எண்ணி, முதலில் ஒரு கிறீஸ் பம்பைக் கையில் எடுப்பாராக.