இரண்டாவது ஹெல்மெட்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வருவதற்கு முன் வேப்பமரத்தடியில் நம் வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். 38 வண்டிகள் நிற்கின்றன. கண்ணாடியில் மாட்டியவை, பெட்ரோல் டேங்கில் வைத்தவை, டீச்சர்கள் கையோடு உள்ளே கொண்டு வந்தவை எல்லாம் சேர்த்து 31 ஹெல்மெட்டுகள். பரவாயில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் இரண்டு ஹெல்மெட் இருந்த வண்டிகள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. அதில் ஒன்று என்னுடையது. அந்த இரண்டாவது ஹெல்மெட் என் வண்டிக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன். பெருமையாகச் சொல்லும் கதை இல்லை இது.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். வீட்டிலிருந்து பள்ளிக்கு 22 கிலோமீட்டர். பேருந்து ஒன்பதே முக்காலுக்குத்தான் வரும் என்பதால் பணியில் சேர்ந்த நாள் முதல் வண்டிதான். 100 சிசி வண்டி, முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிளக் சுத்தம் செய்வது எல்லாம் வீட்டு வாசலில் நானே செய்துகொள்வேன். செலவு மிச்சம் என்பதோடு, என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பெருமிதமும் உண்டு.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செயின் தொங்கிச் சத்தம் போட்டது. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் நகர்த்தி, செயினை இறுக்கினேன். அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கை கழுவிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு வேலை பாக்கி நின்றுவிட்டது. டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைப் பின்னால் நகர்த்தினால் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். பின் பிரேக் தானாகவே இறுகும். ராடின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, பெடலுக்குப் பழைய இடைவெளியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை வண்டி கொஞ்சம் பிடித்து இழுப்பது போல இருந்தது. எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல். வீட்டில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்போமோ அதையே நானும் செய்தேன். “ஏறுடா, விட்டுட்டுப் போறேன்” என்று பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

ஊருக்குள் திரும்பும் வளைவில் மணல். குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி. பெடலைத் தொட்டதுதான் தெரியும். பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. வேகம் முப்பதுக்குள்தான். என் ஹெல்மெட்டின் இடது பக்கம் தார்ச்சாலையில் உரசித் தேய்ந்தது. எனக்கு உள்ளங்கைகளில் தோல் போயிற்று, அவ்வளவே. பையன் தலை சாலையோரக் கல்லில் மோதியது.

நெற்றியில் ஏழு தையல். இரண்டு இரவு மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவனுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். என்னைத் திட்டவில்லை. கட்டிலருகே நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “ஒங்க தலைக்கு இருந்தது எம் புள்ள தலைக்கு இல்லாமப் போச்சே சார்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

நண்பர்களே, அந்த விபத்தில் என் தவறு இரண்டு. வண்டி வேலையைப் பாதியில் விட்டது ஒன்று. என் தலைக்கு மட்டும் காவல் தேடியது இன்னொன்று. இரண்டையும் சரிசெய்ய அதன்பின் நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. ஞாயிறு காலை பதினைந்து நிமிடம் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி பையில் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டுச் சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. துணியைச் செயின் இழுத்தால் விரலும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள் போய்விடும். செயினைக் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

அடுத்து டயர். காற்றின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ள எண்தான் சரி. ஒருவர் போவதற்கும் இருவர் போவதற்கும் பின் டயருக்கு வேறு வேறு அளவு இருக்கும். காற்றை டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றிக் கருவேல முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரு சக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

பிறகு செயின். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். துல்லியமான அளவு கையேட்டில் இருக்கும். இறுக்க வேண்டியிருந்தால் இரு பக்கமும் உள்ள கோடுகள் சமமாக நிற்கும்படி இறுக்குங்கள். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணலாக நிற்கும். ஆக்ஸில் நட்டை முறுக்கியதும், உங்கள் வண்டியில் பிளவு ஊசி இருந்தால் அதை மறக்காமல் மாட்டுங்கள்.

அதற்குப் பிறகு எழுந்து போய்விடாதீர்கள். எனக்கு நேர்ந்தது அங்கேதான். பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பெடலை அழுத்தினால் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சும்மா இறங்க வேண்டும். முன் பிரேக் கைப்பிடியின் முனை ஒன்று இரண்டு சென்டிமீட்டர் சும்மா அசைய வேண்டும். பெடலை அழுத்தும்போது பின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று வீட்டில் உள்ள யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பிரேக் டிரம்மின் வெளிப்பக்கம் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது எதிரே உள்ள குறியைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக ஆயில். வண்டி சமதரையில் நேராக நிற்க வேண்டும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் அளவுக்குச்சியைத் துடைத்துவிட்டு, திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

இவை வீட்டில் செய்யக்கூடியவை. டிஸ்க் பிரேக் ஆயில், ஏபிஎஸ், முன் ஃபோர்க் இவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருப்பதும் வேலை தெரிந்ததில் சேர்த்திதான். இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். வீட்டில் எந்த வேலை பார்த்தாலும் முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன். வந்து நின்றதும் சக்கர நடுவில் தண்ணீர் தொட்டுத் தெளிக்கிறேன். சுரீர் என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வந்ததும் நான் இதைச் செய்திருக்கலாம்.

இனி உடம்புக்கு. “பக்கத்து ஊர்தானே, மெதுவாத்தானே போறேன்” என்று சொல்கிறோம். ஒரு சின்னக் கணக்கு. வண்டி நின்றுகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் தலை தரையில் விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வண்டியின் வேகத்தைச் சேர்க்காமலே இவ்வளவு.

ஹெல்மெட் வாங்கும்போது தையல் டேப்பால் நெற்றியைச் சுற்றி அளவெடுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் 580 என்று எழுதியது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். பட்டையை மாட்டியபின் தாடைக்கடியில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். பின்பக்கம் கைவைத்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரக்கூடாது. ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளிருக்கும் நுரை நசுங்கியிருக்கும். அதை மறுபடி போடக்கூடாது. தேய்ந்துபோன என் ஹெல்மெட்டை ஆய்வகத்தில் மாணவர்கள் பார்க்க வைத்திருக்கிறேன்.

விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது கைதான். எனக்கு இரண்டு வாரம் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. அதன்பின் கையுறை போடுகிறேன். செருப்பை விட்டுவிட்டுக் கணுக்கால் மூடும் ஷூவுக்கு மாறினேன். மழைக்கோட்டில் கறுப்பு வேண்டாம், மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பது வேண்டவே வேண்டாம். இரவில் கறுப்பு வைசரும் கீறல் விழுந்த வைசரும் எதிர் வெளிச்சத்தில் கண்ணை மறைத்துவிடும்.

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் அமர்பவரின் உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அழகுக்காகச் சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் முன்னால் இழுத்துச் செருகிய பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

இப்போது அந்த அம்மா சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுச் சாலை விபத்து அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. ஹெல்மெட் அணியாமல் அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மனைவி, அம்மா, பிள்ளை, தோழி என்று யாரோ ஒருவரை நம்பி ஏறியவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பின்னால் இருப்பவருக்கு விலக்கு இல்லை.

வகுப்பில் இதைப் பாடமாகவே நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு இயக்க விதிகளில் கணத்தாக்கு வரும்போது இரண்டு முட்டைகள் எடுத்துப் போவேன். ஒன்றை வெறுமனே, மற்றொன்றைத் தெர்மாகோலுக்குள் வைத்துக் கட்டி, ஒரே உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுவோம். உந்த மாற்றம் ஒன்றுதான். நிற்பதற்குக் கிடைக்கும் நேரம்தான் வேறு. நேரம் கூடினால் விசை குறையும். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆட்டைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் போயிருக்கும். நம் வகுப்பறை 20 அடி, அதாவது 6 மீட்டர். பிரேக் பிடிக்கும் முன்பே ஏறக்குறைய இரண்டு வகுப்பறை தாண்டியாகிவிட்டது. பிள்ளைகள் வராண்டாவில் இறங்கி அளந்து பார்த்துவிட்டு வாயடைத்து நிற்பார்கள்.

ஆனால் முட்டையும் கணக்கும் சொல்வதைவிட, காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் நாம் வந்து இறங்கும் விதம் அதிகம் சொல்லும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பட்டையை மாட்டாமல் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிற சாரையும் பார்க்கிறார்கள்.

அந்த மாணவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். கடைத்தெருவில் பார்த்தால் ஓடி வந்து பேசுகிறான். அவன் முகத்தைப் பார்ப்பதற்குள் என் கண் நெற்றித் தழும்புக்குப் போய்விடுகிறது.

அவன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரமே இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன். பிள்ளைகள் தலைக்குப் பொருந்தும் சிறிய அளவு. ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆயிற்று. பின்பக்கக் கம்பியில் எப்போதும் தொங்கும். பல நாள் அதற்கு வேலையே இருக்காது. காய்ச்சலோடு ஒரு குழந்தை, பேருந்தைத் தவறவிட்ட ஒரு பத்தாம் வகுப்பு மாணவி என்று எப்போதாவது யாராவது ஏறுவார்கள். ஹெல்மெட்டை எடுத்துப் போட்டு, பட்டையை நானே மாட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போதும் வேப்பமரத்தடியில் எண்ணுவேன். இரண்டு என்பது இருபதாக இருந்தால் மகிழ்வேன். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பின் சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள்.