அலை தேடி அலைந்தவர்கள்

தக்காளிக் கூடைக்கும் வானலைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் நாட்டுப்புறங்களிலே கூலிவேலை செய்து திரிந்த ஐரோப்பிய இளைஞர் எவரையேனும் கேட்டால், இரண்டும் உடன்பிறந்தவை என்றே சொல்வார். கூடை நிறைந்தாற்றான் கூலி. கூலி கிடைத்தாற்றான் பட்டணம் போக வண்டிச் செலவு. பட்டணம் போனாற்றான் கம்பியில்லா இணையம். இணையம் கிடைத்தாற்றான் வீட்டாரின் குரல்.

பிறநாட்டு இளைஞர் ஓராண்டு தங்கி நாட்டைச் சுற்றிப் பார்க்கவும், கைச்செலவுக்கு இடையிடையே வேலை செய்யவும் இடமளிக்கும் திட்டமொன்றை அந்நாட்டு அரசு 1975 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 2005 முதல், நாட்டுப்புறத்திலே பண்ணைவேலை போன்ற குறித்த தொழில்களில் 88 நாள் உழைத்தவருக்கு இரண்டாம் ஆண்டும் தங்க அனுமதி கிடைக்கலாயிற்று. அதன் பயனாக, பல்கலைக்கழகத்திலே தத்துவம் கற்றவனும், இசைப் பள்ளியிலே வயலின் பயின்றவளும், முதுகை வளைத்து நிலத்தை நோக்கும் பேறு பெற்றனர்.

அத்தகைய ஜேர்மானிய இளைஞன் ஒருவனைக் கற்பனையில் நிறுத்திப் பார்ப்போம். காலம் 2014 ஆம் ஆண்டளவில். இடம் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பண்டபேர்க் நகரை அடுத்த தக்காளித் தோட்டம். முதல் நாள் மாலை, இயற்கை அன்னையின் மடியில் உழைப்பதாக அவன் தாய்க்கு எழுதினான். இரண்டாம் நாள் மாலை, எழுதுவதற்கு நிமிர்ந்து உட்கார அவனால் இயலவில்லை. கூலியோ கூடைக் கணக்கு. கை பழகியவர் பத்துக் கூடை நிரப்பும் நேரத்தில், அவன் மூன்று கூடையும் ஒரு பெருமூச்சும் நிரப்பினான்.

அக்காலத்தில் இவ்வாறு கூடைக் கணக்கில் அகப்பட்டு, அரைவயிற்றுக் கூலி பெற்ற புதியவர் பலர். இது வெறும் சிரிப்புக்குரிய செய்தியன்று. 2021 நவம்பரிலேதான் அந்நாட்டின் தொழில் நியாய ஆணைக்குழு, கூடைக் கணக்கில் வேலை செய்வோருக்கும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வந்தது.

மாலையிலே நம் இளைஞன் பொது நூலகத்தை நாடுவான். அவன் போய்ச் சேரும்போது கதவு பூட்டியிருக்கும். ஆனால் அலைக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. சுவரைக் கடந்து கசியும் அலையைப் பிடிக்கப் படிக்கட்டிலே பத்துப்பேர் வரிசையாக அமர்ந்திருப்பர். பகலில் உள்ளே நூல் படிப்போரினும், இரவில் வெளியே அலை பிடிப்போர் அதிகம். ஒருநாள் அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர், மண்படிந்த உடையோடும் வாடிய முகத்தோடும் இருந்த அக்கூட்டத்தை வீடற்றோர் என்று எண்ணி, வீட்டுக்குப் போய் ஒரு தட்டு நிறைய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். தாம் யாரென்று எடுத்துச் சொல்வதே நேர்மை என்பது தத்துவம் கற்றவனுக்குத் தெரியும். ஆயினும் ரொட்டியை உண்டு முடித்த பின்னரே அந்த நினைவு அவனுக்கு வந்தது.

இதிலே இன்னுமொரு வேடிக்கை உண்டு. கம்பியில்லா இணையத்தை உலகுக்கு ஆக்கித் தந்தவர்களுள் அவுஸ்திரேலியரும் முக்கியமானவர். ஜோன் ஓ'சலிவன் என்னும் வானொலி வானியலாளர், சிறு கருந்துளைகள் வெடிக்கும்போது எழக்கூடிய அலைகளைத் தேடினார், அவை அகப்படவில்லை. ஆனால் அத்தேடலிற் பெற்ற கணித அறிவு வேறோரிடத்திலே பயன்பட்டது. அறைக்குள்ளே அனுப்பும் அலை, சுவரிலும் மேசையிலும் மோதி, எதிரொலிபோலக் குழம்பி வந்து சேரும். அக்குழப்பத்தை நீக்கும் வழியை அவரும் அரச ஆராய்ச்சி நிறுவனத்துத் தோழர்களும் கண்டனர். 1996 இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அத்தகைய நாட்டிலே ஒரு துளி அலைக்காகப் பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருப்பதை என்னென்பது! விளக்கின் அடியிலே இருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எண்பத்தெட்டு நாளும் முடிந்தன. இளைஞன் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, நலபோர்ச் சமவெளியை அடைந்தான். மரமில்லை என்பதே அப்பெயரின் பொருள். அங்குள்ள நெடுஞ்சாலை ஓரிடத்தில் 146 கிலோமீற்றருக்கு மேல் ஒரு வளைவுமின்றி நேரே செல்கிறது. மரத்துக்கே வழியில்லாத இடத்தில் அலைக்கு ஏது வழி? கைப்பணம் தீர்ந்தபடியால், பிரயாணிகளுக்கு எண்ணெயும் உணவும் விற்கும் வழித்தங்கல் ஒன்றிலே கோப்பை கழுவும் வேலையில் அமர்ந்தான்.

அவ்வேளையில் ஜேர்மனியிலே அவன் பாட்டிக்குச் சத்திரசிகிச்சை குறிக்கப்பட்டது. அதற்கு முன், அன்று அங்கே நண்பகலில் பேசுவதாகத் தாய்க்கு உறுதி சொன்னான். மேற்கு அவுஸ்திரேலிய நேரப்படி அது மாலை 7 மணி. சுவர்க் கடிகாரம் 7 காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். அலையும் அதிசயமாகக் கிடைத்தது, தாயோ கிடைக்கவில்லை. கால்மணி காத்திருந்து, கோப்பைகள் குவிந்தபடியால் திரும்பினான். யூக்ளா உள்ளிட்ட அச்சாலைப் பகுதி, தலைநகர் பேர்த்துக்கு 45 நிமிடம் முந்திய தனிநேரம் ஒன்றைத் தனக்கெனக் கொண்டது என்பதை அவன் அறியான். தாய் வந்து காத்திருந்தபோது அவன் முழங்கைவரை சவர்க்கார நுரையில் நின்றான்.

வேலை முடிந்து பார்த்தபோது, பாட்டி அவன் குரலைக் கேட்கக் காத்திருந்தாள் என்ற செய்தி கிடந்தது. அதற்குள் அலையும் அறுந்துவிட்டது. நடந்ததைக் கேட்ட வழித்தங்கல் அம்மையார் முதலிற் சிரித்தார்; அவன் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு, “தம்பி, எங்கள் பாட்டி காலத்தில் கம்பியில்லாக் கருவிக்கு மின்சாரம் வேண்டுமானால் சைக்கிள் மிதிப்பதுபோற் காலால் மிதிக்க வேண்டும். நீ கோப்பை கழுவியதோடு தப்பினாய்!” என்றார். அது உண்மையே. அல்பிரட் திரேகர் என்பவர் ஆக்கிய மிதிவானொலி, பறக்கும் வைத்தியர் சேவைக்கென 1929 முதல் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்குச் சென்றது. வைத்தியச் செய்திகள் முடிந்தபின் பண்ணைப் பெண்கள் அதே அலைவரிசையில் ஊர்க்கதை பேசுவர். அவ்வேளைக்குக் கூச்சலிடும் கிளியொன்றின் பெயரையே சூட்டினர். 1951 முதல் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சிறுவருக்குப் பாடசாலையும் வானொலியிலேயே நடந்தது. அம்மக்கள் தனிமையின் சுமையை அறிந்தவர்கள்.

அம்மையார் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தம் சொந்தத் தொலைபேசியை அவன் கையிற் கொடுத்தார். ஜேர்மனியில் அப்போது பிற்பகல் இரண்டேகால். சத்திரசிகிச்சைக்கு இன்னும் முக்கால்மணி இருந்தது. பேரன் கடல்கடந்து, கண்டங்கடந்து பேசிய அவ்வேளையில் பாட்டி கேட்ட முதற்கேள்வி: “சாப்பிட்டாயா?”

இப்பொழுது செய்மதி இணையம் அச்சமவெளியையும் எட்டிவிட்டது. ஆயினும் அன்று அவனுக்குக் கைகொடுத்தது அலையன்று. அலையைத் தனக்கென வைத்துக்கொள்ளாத ஒரு மனம். விடைபெறும் நாளில் அவன் சுவர்க் கடிகாரத்தின் கீழே ஜேர்மன் மொழியில் ஓர் அட்டை எழுதி மாட்டினான்: “இக்கடிகாரம் 45 நிமிடம் முந்தியது. பேச ஆளில்லையெனில் அம்மையாரைக் கேட்கவும்.”