ஒரே தெருவின் இரு சான்றிதழ்கள்



வெள்ளிவிழாவில் வாழ்த்துரை கூறுவதே மரபு. எனினும், நம் தெருக்களில் கொடிக்கம்பங்கள் பெருகியதையும், அவற்றினடியில் உறவினரே முகங்கொடாது செல்வதையும் கண்டு பேசாதிருக்க இயலவில்லை.

கருத்து வேறுபாடு நமக்குப் புதியதன்று. செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடினார். ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜாவோ 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத்தொகுதியை ஏற்றார். நம் மக்கள் இரு அணியாயினர். ஆயினும், அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்தில் இவ்விருவரின் கையொப்பமும் உண்டு. ராஜாவைத் துரோகியெனத் தூற்றுவது இன்று எளிது. தனித்தொகுதி நம்மை நிலையாகவே ஒதுக்கிவைத்துவிடும் என்று அவர் ஏன் கருதினார் என்பதை ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. நாம் அவர் முடிவை ஏற்பவரல்லோம். ஆயினும் அவர் வாதத்தை முழுதும் கேட்ட பின்னரே மறுக்கிறோம்.

சமயத்தால் வந்த பிளவு வேறு வகை. 1891இல் ஆட்சியர் திரமென்கீர் இம்மாவட்டத்து நம் முன்னோரின் அவலத்தை அறிக்கையாக்கினார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயரும் அவர்களுக்கு நிலம் வேண்டி வாதாடினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நாம் சார்ந்துள்ள கிறிஸ்தவத்திற்கு இம்மண்ணில் இப்படியொரு நற்பெயர் உண்டு. (கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய சபைகளும் தமிழகத்தில் உண்டு, அதனை மறைக்கப் போவதில்லை.)

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நாம் இன்றும் வெளியே நிற்கிறோம். பள்ளிச் சேர்க்கையின்போது இதனை ஆண்டுதோறும் காண்கிறோம். உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகளில் ஒருவன் பட்டியல் சாதி, மற்றவன் பிற்படுத்தப்பட்டோன். தெரு ஒன்று, பாட்டனார் ஒருவர், உதவித்தொகை மட்டும் வேறு. ஞாயிறன்று ஒரு பெயரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பத்தாரை, "சலுகைக்காக வேடமிடுவோர்" என்று நம் இளைஞர் சிலர் ஏசுகின்றனர். அவ்வீட்டுத் தாயிடம் ஒருமுறை பேசிப்பார்த்த பின் ஏசட்டும். சபையாரும், "விசுவாசம் குன்றியோர்" எனும் தம் தீர்ப்பைச் சற்றே நிறுத்திவைக்கட்டும்.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் போராடியதை மூத்தோர் அறிவர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறையினர் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் மாண்டனர். அப்பெயர்களை மறுபடியும் கேளுங்கள்: ஜான் தாமஸ், ஏழுமலை. அவர்களின் நினைவுநாளைக்கூட இன்று கட்சிக்கொரு மேடையமைத்துக் கொண்டாடுகிறோம்.

வரும் அக்டோபரில் எக்கட்சிக் கொடியுமின்றி நம் சங்கக் கட்டடத்தில் ஒன்றுகூடலாம் என்று செயற்குழுவில் கேட்டுள்ளோம். இரண்டு கட்சியைச் சேர்ந்த உறுப்பினர்கள் இசைந்துள்ளனர். மற்றவர்களின் விடைக்குக் காத்திருக்கிறோம்.