சாத்துன கதவுதான் பள்ளிக்கூடம்

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி எல்லோரையும் அழவைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! நான் சேலம் சூரமங்கலத்திலிருந்து வந்திருக்கிற உங்கள் சகோதரி.

தம்பி கேட்டார்: "அம்மா கையால பிசைஞ்சு போடுற சோத்துக்கு ஈடு உண்டா?" இல்லைங்க தம்பி. ஒத்துக்கறேன். ஆனா இன்றைய தலைப்பு என்ன? 'இளைஞனைப் பக்குவப்படுத்துவது தாய்மடியா? தனிவழியா?' சோறு ருசிக்குமாங்கறது கேள்வி இல்லை. பையன் தேறுவானாங்கறதுதான் கேள்வி! (கைதட்டல்)

எங்க ஊரு மாம்பழத்தையே எடுத்துக்குங்க. முத்தின காயைப் பறிச்சு வைக்கோல்ல போட்டாத்தான் பக்குவமாப் பழுக்கும். "ஐயோ, தாய் மரத்தைப் பிரியணுமே"ன்னு மரத்துலேயே விட்டா என்ன ஆகும்? அணில் கடிச்சுட்டுப் போகும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் படிச்ச புஸ்தகத்திலிருந்து பேச வரலை. என் வீட்டிலிருந்து பேச வந்திருக்கேன். என் வீட்டுக்காரருக்கு ஜங்ஷன்ல ரயில்வே வேலை. ஒரு பொண்ணு, ஒரு பையன். பையனைத் தம்ளரை எடுத்துக் கழுவக்கூட விட்டதில்லை. டிப்ளமா முடிச்சான். 2019-ல் புனேயில் வேலை கிடைச்சது. தட்டுவடையும் முறுக்கும் கட்டிக்கொடுத்து ரயிலேத்தி விட்டேன். இருபத்திரண்டாவது நாள் போன் வந்தது. "ம்மா, மேலதிகாரி எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு. என்னால முடியலம்மா." நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "வந்துடு சாமி. நம்ம வீட்டுல உனக்கு ஒரு வாய்ச் சோறு இல்லையா?"

வந்துட்டான். நாலு வருஷம் வீட்டிலேயே இருந்தான். இன்டர்வியூன்னு லெட்டர் வந்தாலே காய்ச்சல் வந்துடும். "அந்தக் கம்பெனிதான் என் பையனைக் கெடுத்துச்சு"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்.

2023-ல் பொண்ணு பிரசவத்துக்காக சிங்கப்பூர் போனேன். ஒன்பதாவது மாடி. எதிர் ப்ளாக்குல நடக்கறது எல்லாம் தாழ்வாரத்திலிருந்து தெரியும். ஒரு நாள் பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை, கழுத்துல டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ், ரெண்டு வெள்ளைக்காரப் பசங்க. ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டு வராங்க. எண்ணினேன். பதினாலு கதவு. பதினொண்ணு திறக்கவே இல்லை. ரெண்டு திறந்த வேகத்துல மூடிடுச்சு. ஒரே ஒரு தாத்தா மட்டும் நின்னு பேசினார். மறுநாள் நம்ம கதவு. நான் என்ன பண்ணினேன்? எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷைச் சொன்னேன். "நோ!" சாத்திட்டேன். (சிரிப்பு)

அடுத்த வாரம் அதே பையன் லிப்ட்டுப் பக்கத்துல நிக்கிறான். நான் அரிசிப் பையோட திணறுறேன். ஓடி வந்து வாங்கி வீட்டு வாசல்ல வச்சான். வச்சுட்டு என்ன சொன்னான்? "வணக்கம்!" முகத்துல அறைஞ்ச மாதிரி கதவைச் சாத்தினவளுக்கு வணக்கங்க!

மருமகன்கிட்ட விசாரிச்சேன். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'ன்னு பேரு. 1830-ல் அமெரிக்காவில் தொடங்கினது. மார்மன்னு ஊர் சொல்லும். அந்தச் சபைப் பசங்க பதினெட்டு வயசு ஆனா ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகலாம். 2012 வரைக்கும் பத்தொன்பது ஆகணுமாம். எந்த நாடுன்னு பையன் கேட்க முடியாது. சபை அனுப்புற இடத்துக்குப் போகணும். சம்பளம் கிடையாது. பையன் சேர்த்த காசு, வீட்டுக் காசு. காலையில ஆறரைக்கு எழுந்திருக்கணும், ராத்திரி பத்தரைக்குப் படுக்கணும். எங்கே போனாலும் ரெண்டு பேராத்தான் போகணும். அந்தக் கூட்டாளியும் சில மாசத்துக்கு ஒருத்தர் மாறுவாராம். ஒத்துப்போகாத கூட்டாளி அமைஞ்சாலும் ஒரே அறை, ஒரே அடுப்பு. நம்ம வீட்டு மாமியார் மருமகள் மாதிரி! (சிரிப்பு)

வாரத்துல ஒரு நாள்தான் துணி துவைக்க, காய்கறி வாங்க. சினிமா கிடையாது, காதல் கிடையாது. டீ, காபி கிடையாது! சேலத்துப் பையனை அனுப்பினா டீக்கடையைப் பார்த்தே பாதியில திரும்பிடுவான். (சிரிப்பு)

நடுவர்: அந்தப் பையன் பேரு என்னம்மா?

அதுதாங்க வேடிக்கை! பேட்ஜுல 'எல்டர்'னு போட்டிருக்கு. 'பெரியவர்'னு அர்த்தமாம். மீசை சரியா முளைக்காத பையனுக்குப் பேரு பெரியவர்! (சிரிப்பு, கைதட்டல்) சிரிச்சேன். அப்புறம் யோசிச்சேன். என் பையனுக்கு வயசு இருபத்தாறு. நான் கூப்பிடுறது 'பாப்பு'!

ஒரு ஞாயித்துக்கிழமை மருமகன் வீட்டிலே இருக்கும்போது கூப்பிட்டு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தேன். முன்னே ஒரு தடவை கூப்பிட்டப்போ உள்ளே வரலை. பொம்பளை தனியா இருக்கிற வீட்டுக்குள்ளே வரக்கூடாதுன்னு அவங்களுக்குச் சட்டமாம். மருமகனை விட்டுக் கேட்டேன். "ஏஞ்சாமி, கதவைச் சாத்தினா வருத்தமா இல்லையா?"

அந்தப் பையன் சொன்னதைக் கேளுங்க. "முதல் மாசம் ராத்திரியெல்லாம் அழுதேன் ஆன்ட்டி. அம்மாவுக்குப் போன் பண்ணி முடியலைன்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க: 'நாளைக்கு எந்தத் தெருவுக்குப் போற?'"

நடுவர் அவர்களே! அவளும் ஒரு தாய், நானும் ஒரு தாய். ரெண்டு பேருக்கும் ஒரே போன்தான் வந்தது. நான் சொன்னது 'வந்துடு'. அவள் கேட்டது 'நாளைக்கு எங்கே?' அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க. என் பையனைக் கெடுத்தது புனே இல்லை. நான்தான். (நீண்ட கைதட்டல்)

இன்னொண்ணு சொல்றேன். 2019 வரைக்கும் அந்தப் பசங்க வீட்டுக்குப் போன் பண்ண வருஷத்துக்கு ரெண்டே நாள்தானாம். கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மத்தபடி கடிதமும் மின்னஞ்சலுந்தான். இப்போ வாரம் ஒரு தடவை பேசலாம். தாய்ப் பாசம் அங்கேயும் இருக்குங்க. அது கயிறா இழுக்காம, கைத்தடியா நிக்குது.

"இதெல்லாம் அவங்க மதம், நமக்கு எதுக்கு?"ன்னு எதிரணி கேட்பாங்க. நான் மதம் மாறலைங்க. ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறவ நான். அந்தப் பையன் சொல்ல வந்த வேதத்தை நான் ஏத்துக்கலை. அவன் வாழ்ந்து காட்டின பாடத்தை எடுத்துக்கிட்டேன். 1853-லேயே அந்தச் சபையின் ரிச்சர்ட் பாலன்டைன், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுட்டு மதராசுக்கு வந்திருக்கார். ஒரு வருஷம் அலைஞ்சார். சேர்ந்தவங்க மிகச் சிலர்தான். அவ்வளவு தூரம் நம்ம ஊரும் அவங்களுக்குச் சாத்தின கதவுதான். வேற சபையைச் சேர்ந்தவர்தான் ஜி.யு.போப். 1839-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயசு பத்தொன்பது. நாற்பத்தேழு வருஷம் கழிச்சு, 1886-ல், திருக்குறளை இங்கிலீஷில் கொடுத்தார். பத்தொன்பது வயசுல அவங்கம்மா "வந்துடு சாமி"ன்னு கூப்பிட்டிருந்தா? (கைதட்டல்)

வெளியே போன எல்லாரும் தேறிடுவாங்கன்னு நான் சொல்லலை. அந்த ஊழியத்திலும் பாதியில வீடு திரும்புற பிள்ளைங்க உண்டு. நோயோ, மனக்கஷ்டமோ இருந்தா திரும்பித்தான் ஆகணும். அவங்களைக் குறைச்சு நினைக்கறது பாவம். ஆனா வீட்டுக்குள்ளே யாரும் நமக்கு 'இல்லை'ன்னு சொல்றதில்லையே! 'இல்லை'ங்கற சொல்லைக் கேட்டுட்டு, முகம் கோணாம அடுத்த கதவுக்கு நடக்கிற தெம்பு வெளியிலதான் கிடைக்கும்.

ஊருக்கு வந்தேன். பையனை உட்கார வச்சுச் சொன்னேன். "அம்மா தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. இனிமே பாப்புன்னு கூப்பிட மாட்டேன்." ஓசூர்ல வேலைக்குப் போனான். ரெண்டாவது வாரம் போன். "ம்மா, முடியல." வாய் வரைக்கும் 'வந்துடு சாமி' வந்துருச்சுங்க. முழுங்கினேன். "நாளைக்கு எந்த ஷிப்ட்டு கண்ணு?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "காலை ஷிப்ட்டும்மா"ன்னான். போனை வச்சுட்டு அடுப்படியில உட்கார்ந்து அழுதேன். அது என் கணக்கு. அவனுக்குத் தெரியாது. இப்போ டிவியில பார்த்தாத்தான் தெரியும்! (சிரிப்பு)

ஒரு வருஷம் தாண்டியாச்சு. தீபாவளிக்கு வந்தான். சாப்பிட்டு எழுந்தவன், தட்டைத் தானே எடுத்துட்டுப் போய்க் கழுவி வச்சான். நான் தடுக்கலை.

ஆகவே நடுவர் அவர்களே, பெத்தெடுக்க மடி வேணும், மறுக்கலை. பக்குவப்பட வழி வேணும். மடியில இருந்து இறக்கிவிடத் தைரியமுள்ள தாய்தான் நல்ல தாய். இளைஞனைப் பக்குவப்படுத்துவது தனிவழியே, தனிவழியே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)