காத்தாடிக்கு முன்னால் வந்த கம்பம்

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னைக் காற்றாலை பற்றிப் பேச அழைத்தார்கள். நான் பேசப்போவது காற்றை அளக்க அதற்கு முன்னால் நட்ட கம்பத்தைப் பற்றி.

ஆடி மாதம் பல்லடம் தாண்டிக் கேத்தனூர், பூளவாடி பக்கம் போனவருக்கு அங்கே காற்று உண்டென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்து வந்து நம் சோளக்காடுகளின் மேல் விரிகிறது. ஆனால் கடன் கொடுக்கிற வங்கிக்கு முகத்தில் அடித்த காற்று கணக்காகாது. 1970களில் கையிலிருந்த பதிவுகள் பெரும்பாலும் வானிலை நிலையங்களுடையவை. அவை ஊருக்குள்ளும் விமானதளங்களிலும் தாழ்வான உயரத்தில் எடுத்தவை. பல இடங்களில் கருவியைச் சுற்றி மரம் வளர்ந்தது, கட்டடம் எழுந்தது. ஏட்டில் காற்று குறைந்தது.

இதைச் சரிசெய்யப் பாடுபட்டவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976இல் ஓய்வு பெற்றவர். பிறகுதான் பெங்களூரில் இருந்துகொண்டு காற்றைக் கையிலெடுத்தார். முதலில், இருந்த பதிவுகளையெல்லாம் சலித்து 1983இல் ஒரு நூலாக்கினார். அடுத்து, திறந்த வெளிகளில் புதுக் கம்பங்கள் நட்டு மணிக்கு மணி அளக்கும் பணியை வழிநடத்தினார். நம் கேத்தனூரும் பூளவாடியும் அந்த ஏடுகளில் ஏறின. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டிய வயதில் செய்த வேலை!

இவ்வளவு கறார் எதற்கு? வேகம் பத்து சதவீதம் கூடினால் காற்றின் ஆற்றல் 33 சதவீதம் கூடும். பத்து குறைந்தால் 27 சதவீதம் போய்விடும். வேகத்தில் சின்னப் பிசகு வந்தால் பனியன் கம்பெனிக்காரர் காற்றாலையில் போட்ட முதலே ஆட்டம் காணும்.

வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2010 காற்று வரைபடம் 50 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று மின்வளம் ஏறத்தாழ 49,000 மெகாவாட் என்றது. பின்னர் 100 மீட்டரில் 3,02,000; 120 மீட்டரில் 6,95,000. காற்று பெருகிவிடவில்லை. உயரம் கூடியது, எவ்வளவு நிலம் கிடைக்கும் என்ற அனுமானமும் மாறியது. உலகமெங்கும் புழங்கும் ஈஆர்ஏ5 என்ற கணினி வானிலைத் தரவின் ஒரு கட்டமோ சுமார் 31 கிலோமீட்டர். நம் கணவாய் முழுவதும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்! வாசல் எங்கே, சுவர் எங்கே என்று அந்தக் கணினிக்கு எப்படித் தெரியும்?

ஆகவே காற்றை அந்தந்த இடத்திலேயே பார்க்க வேண்டும்; அதற்கு என் யோசனை இது. ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு மின் இணைப்பு எண் உண்டு. மாதாமாதம் ஈபி ரீடிங் உண்டு. 1990களில் நட்ட சிறு இயந்திரங்களைக் கழற்றிப் பெரியவை நடுகிறோம். கழற்றும்போது இரும்பை எடைக்குப் போடுங்கள், அந்த ரீடிங் அட்டைகளைப் போடாதீர்கள். முப்பது ஆண்டுக் காற்று அதில் இருக்கிறது. பழுதாகி நின்ற நாட்களையும், மின்வாரியம் நிறுத்தச் சொன்ன நேரங்களையும் தனியே குறித்துக் கொடுத்தால், மாணவர் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவார்.