காரையாற்றங்கரைக் குடில்களும் காணிக் குடிகளும்

(பத்தாம் ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



பொருநையைப் பாடாத நெல்லைக் கவிஞரைக் காண்பது அரிது. ஆயினும் அவ்வாறு பாடியவர்களுள் பெரும்பாலோர் ஆற்றைப் பாபநாசத்துப் படித்துறையில் நின்று கண்டவர்களே. படித்துறைக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள், அந்த ஆற்றுக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. அதைச் சமவெளி மக்கள் நெருங்கிக் காணும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும் நாள்களே அவை.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். அரிசி, பருப்பு, அண்டா, பாய் முதலியவற்றோடு நேர்ந்துவிட்ட கிடாவும் வண்டியில் ஏறிவிடும். ஆற்றங்கரையில் கம்பு நட்டு, ஓலையோ தார்ப்பாயோ வேய்ந்து, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினால் வீடு அமைந்துவிடுகிறது. முன்னாளில் பத்து நாளுக்கும் மேலாகத் தங்கியவர்கள் உண்டு. புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த இடமாதலால் அண்மை ஆண்டுகளில் வனத்துறை அந்நாள்களைச் சுருக்கிவிட்டது. சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் மறையும் வரை, இவ்விழாவில் அரச உடையில் வீற்றிருந்து காட்சி தந்து வந்தார். திருவிழா முடிந்தபின் கரையிலும் ஆற்றிலும் எஞ்சிக் கிடக்கும் துணிகளையும் பிளாஸ்டிக்கையும் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனை அறியாதார் இவ்வவையில் இலர்.

இந்தக் குடில் வாழ்க்கையில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. முன்பின் அறியாத இரண்டு குடும்பங்கள் அருகருகே தங்கினால், ஓர் இரவுக்குள் அவர்கள் அண்ணாச்சியும் மதினியும் ஆகிவிடுகிறார்கள். உப்பும் புளியும் கைமாறுகின்றன. குழந்தைகள் எந்தக் குடிலில் உண்டார்கள் என்பதே தெரிவதில்லை. ஆனால் அதே கரைக்குத் தேனும் கிழங்கும் கொண்டுவரும் காணி இனத்தவர், எத்தனை ஆண்டு வந்தாலும், 'காணிக்காரர்' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். விலை பேசப்படுகிறது, தேன் கலப்படமற்றதா என்று கேட்கப்படுகிறது, பேச்சு அத்தோடு முடிகிறது.

அந்தக் கோயில் எவருடைய கதையைத் தாங்கி நிற்கிறது என்று எண்ணும்போதுதான் இதிலுள்ள முரண் புலப்படும். ஐயனாரோடு அங்கே பட்டவராயனும் குடிகொண்டிருக்கிறான். அந்தணனாகப் பிறந்த முத்துப்பட்டன் இம்மலைப்பகுதிக்கு வருகிறான். தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மகளிரான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு காதல் கொள்கிறான். பெண்ணைக் கேட்டுப் பெற்றுத் தன் ஊருக்கு அழைத்துச் செல்லவில்லை அவன். குடுமியையும் பூணூலையும் களைந்தான். செருப்புத் தைக்கக் கற்றான். அவர்களுடைய மாட்டுக் கிடைக்குக் காவலனானான். அந்த மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது மடிந்தான். அப்பெண்களும் பிறப்பால் அந்தணரே என்று மாற்றிப் பாடும் வடிவங்களும் உண்டு. கதையைப் பாடியவர்களுக்கே அக்கலப்பு பொறுக்கவில்லை போலும்! நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை'யை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இன்றும் பட்டவராயனுக்குத் தோல் செருப்பே காணிக்கை. தொங்கவிட்ட செருப்புகள் மறு ஆண்டு தேய்ந்திருக்கும் என்பதும், பட்டன் அவற்றை அணிந்து காட்டில் திரிகிறான் என்பதும் மக்கள் நம்பிக்கை. அந்நிய நிலத்துக்கு வந்து, அங்குள்ளாரின் தொழிலையே தன் தொழிலாகக் கொண்ட ஒருவனை வணங்கத்தான் இத்தனை குடில்களும் போடப்படுகின்றன.

கோயிலுக்கு மேலே காரையாற்று அணை இருக்கிறது. 1940-களில் பயன்பாட்டுக்கு வந்த அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. அணைக்குப் பின்னே மலைகளுக்கிடையில் ஓர் ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் அப்புறத்தே, காட்டின் உள்ளே இஞ்சிக்குழி. இப்புறத்தே மயிலாறு, சேர்வலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு. காணி மக்களின் ஊர்கள் இவை. தலைவனை மூட்டுக்காணி என்றும், மருந்தும் மந்திரமும் அறிந்தவனைப் பிலாத்தி என்றும் அவர்கள் வழங்குவர். யானைக்கு அஞ்சி மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டியவர்கள். 'காணி' என்னும் சொல்லுக்கு வழிவழி வந்த நில உரிமை என்பது தமிழில் பழம்பொருள். அந்த உரிமையையே பெயராகக் கொண்ட மக்கள், தாம் வாழும் காட்டில் தமக்கு உரிமை உண்டென மெய்ப்பிக்க 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

பொதியில் தமிழிலக்கியத்தில் எத்துணைப் பெரிய பெயர்! அகத்தியர் வந்தார், தென்றல் வந்தது, சந்தனம் வந்தது. குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் மலைவளம் முழுவதையும் ஒரு குறத்தியின் வாயில் வைத்தார். அது தமிழுக்குக் கிடைத்த செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே பேசுவது கவிராயரின் நாவே. மலைவாழ் பெண்ணொருத்தி தன் மொழியில் என்ன பாடினாள் என்பது அந்நூலின் நோக்கமன்று. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியை 1859-இல் லிவிங்ஸ்டன் 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் எழுதின; அக்கரையில் வழிவழியாக மீன்பிடித்து வாழ்ந்தோர் அந்த வாக்கியத்தில் இல்லை. 1873-இல் அவர் காட்டில் இறந்தபோது உடலைப் பதப்படுத்திப் பல மாதம் நடந்து கடற்கரை சேர்த்தவர்கள் சூசி, சூமா என்னும் ஆப்பிரிக்கர் முதலானோர். ஏரிக்கரையில் கூடாரமடித்தவரின் பெயரே உலகுக்கு முதலில் தெரிந்தது.

நெருங்கிப் பழகுதல் என்பது எளிதன்று என்பதற்கு இதே மலையின் மேற்குச் சரிவில் நிகழ்ந்த ஒன்றே போதிய சான்று. 1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலாளர் சிலர் அகத்தியர் மலைக்காட்டில் காணி வழிகாட்டிகளோடு சென்றனர். மலையேறி இவர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் சிறு பழங்களை வாயிலிட்டுத் தளராது நடந்தனர். என்ன பழம் என்று கேட்டபோது விடை உடனே வரவில்லை. வெளியாருக்குச் சொல்லலாகாது என்பது அவர்தம் மரபு. பின்னர், நம்பிக்கை பிறந்தபின், ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியைக் காட்டினர். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் அதன் உரிமம் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு அளிக்கப்பட்டது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கென முடிவாகி, 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகெங்கும் இது நேர்மையான பங்கீட்டுக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. ஆனால் மரபறிவை வெளியே சொல்லியிருக்கக் கூடாதென்று மனம் கசந்த காணிகளும் இருந்தனர். பழத்தைக் காட்டியவர் சிலர்; பழமோ ஓர் இனத்தின் உடைமை. இந்தச் சிக்கல் கவிஞர்களுக்கும் உரியது. ஒருவர் வாய்விட்டுச் சொன்ன கதை அவருடையதா, அவருடைய ஊரினதா, கேட்டு எழுதியவருடையதா?

காணிகளிடம் சாற்றுப்பாட்டு என்றொரு மரபு உண்டு. கொக்கரை என்னும் பல்வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசிக்கொண்டு, நோய் நீங்கவும் தெய்வம் இறங்கவும் இரவெல்லாம் பாடுவர். தமிழும் மலையாளமும் விரவிய அவர்தம் பேச்சு, கேட்கக் கேட்கவே விளங்கும். செவியில் அது முதலில் கரகரப்பாகத்தான் விழும். யாப்புக்குப் பழகிய காது சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். வட்டத்தின் கவிஞர்கள் காரையாற்றங்கரைக்குச் செல்வாராயின், உவமை தேடுவதைச் சில நாள் ஒத்திவைத்துவிட்டு, அப்பாட்டைக் கேட்க இசைவு பெறுவது நன்று. இசைவு கிடைக்காது போகவும் கூடும். அதுவும் மதிக்கத்தக்க விடையே.

சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. இஞ்சிக்குழியில் வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகையைக் கொண்டு கொடுக்க, பாபநாசம் மேலணை அஞ்சலகத்து ஊழியர் ஒருவர் காட்டுவழியே சென்று வருகிறார் என்பது அது. அணையில் நீர் இருந்தால் படகு. நீர் வற்றினால் பல கிலோமீட்டர் நடை. யானை நடமாடும் பாதையில், ஒரே ஒருவருக்காக, மீண்டும் மீண்டும் அவர் சென்று வந்தார்.